நம் ஊர் விவசாய மானியம் யார் யாருக்குப் போகிறது? பட்டியலைக் கேட்டு வாங்கிப் படிக்க ஒரு வழிகாட்டி

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து தேவிபட்டினம், பெரியபட்டினம், ஏர்வாடி, வாலிநோக்கம் என்று மூக்கையூர் வரைக்கும் கடற்கரையோர ஊர்களில் எங்கே போய் உட்கார்ந்தாலும் ஒரு பேச்சு காதில் விழும். "பக்கத்து ஊருக்கு இன்சூரன்ஸ் வந்துருச்சாம், நமக்கு ஏன் வரல?" "அவருக்கு ரெண்டாயிரம் ஏறிருச்சு, எனக்கு நாலு தவணையா நிக்குது." "நிலமே இல்லாத ஆளுக்கெல்லாம் போகுதாம்ல?" இந்தப் பேச்சு பேச்சாகவே முடிந்துவிடுகிறது. யாருக்குப் போனது, எவ்வளவு போனது என்று காகிதத்தில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க நமக்குச் சட்டப்படி உரிமையும் இருக்கிறது. கேட்கும் முறை தெரியாததால்தான் பலர் கேட்பதில்லை.

படித்துவிட்டு ஊரில் இருக்கும் பிள்ளைகள், வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டு வந்து அப்பா நிலத்தைப் பார்க்கத் தொடங்கியவர்கள், புதிதாக மகளிர் குழுப் பொறுப்புக்கு வந்தவர்கள் என முதல்முறை இந்த வேலையில் இறங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொடங்கும் முன்பே ஒன்று சொல்லிவிடுகிறேன். பட்டியல் கைக்கு வந்ததும் "யார் ஏமாற்றியிருக்கிறார்?" என்றுதான் எல்லார் கண்ணும் தேடும். அதற்கு முன்னால் "யார் விடுபட்டிருக்கிறார்?" என்று பாருங்கள். நம் பக்கத்தில் பெரிய அநியாயம் அந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

முதலில், எந்தப் பணம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

"மானியம்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் எந்த அலுவலகத்திலும் பதில் வராது. ஒவ்வொரு பணத்துக்கும் ஒரு வழி, ஒரு பட்டியல், ஒரு பொறுப்பாளர் உண்டு.

பிஎம் கிசான் மத்திய அரசின் பணம். ஆண்டுக்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000 வீதம் நேரே வங்கிக் கணக்கில் ஏறும். 2019 பிப்ரவரியில் தொடங்கியது. முதலில் 2 ஹெக்டேருக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் என்று இருந்தது; அதே ஆண்டு நிலமுள்ள எல்லா விவசாயக் குடும்பங்களுக்கும் என்று விரித்துவிட்டார்கள்.

அடுத்து பயிர்க் காப்பீடு. இதை யாரும் மானியம் என்று நினைப்பதில்லை, ஆனால் மானியம்தான். சம்பா நெல்லுக்கு நாம் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 30,000 என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால் நம் பங்கு 450 ரூபாய். பிரீமியத்தில் மிச்சத்தை மத்திய அரசும் மாநில அரசும் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கட்டுகின்றன. அது பொதுப்பணம். அதனால்தான் அதைப் பற்றிக் கேள்வி கேட்க நமக்கு முழு உரிமை இருக்கிறது.

மூன்றாவது, வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் தரும் நிவாரணம். இது காப்பீடு அல்ல, தனி. விஏஓவும் (கிராம நிர்வாக அலுவலர்) வேளாண்மை உதவி அலுவலரும் கணக்கெடுத்துப் பட்டியல் தயாரிப்பார்கள். 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமாகியிருக்க வேண்டும். 2022-ல் திருத்திய மத்திய அரசு வரையறைப்படி மானாவாரிப் பயிருக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபாய், பாசனப் பயிருக்கு 17,000 ரூபாய். மாநில அரசு சில நேரம் இதற்கு மேலும் கொடுக்கும். கண்மாய்ப் பாய்ச்சல் நிலத்தை மானாவாரிக் கட்டத்தில் எழுதினால் தொகை சரிபாதியாகிவிடும் என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். பட்டியல் பார்க்கும்போது பெயரோடு அந்தக் கட்டத்தையும் பார்க்க வேண்டும்.

பிறகு சொட்டுநீர்ப் பாசனம், பவர் டில்லர், விதை, தார்ப்பாய் என்று துறை வழியாக வருபவை. சொட்டுநீருக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம். இதில் சிறு, குறு விவசாயி என்று தாசில்தார் கொடுக்கும் சான்றுதான் சாவி. உச்சிப்புளிப் பக்கத் தென்னந்தோப்புகளுக்கு இது தோட்டக்கலைத் துறை. இயந்திரங்கள் வேளாண்மைப் பொறியியல் துறை. இரண்டையும் வேளாண்மைத் துறை அலுவலகத்தில் போய்க் கேட்டு அலையாதீர்கள்.

உர மானியமும் இலவச மின்சாரமும் பெரிய தொகைகள். ஆனால் அவற்றில் ஊர்ப் பயனாளிப் பட்டியல் என்று ஒன்று எளிதில் கிடைக்காது. 45 கிலோ யூரியா மூட்டையை 266 ரூபாய் 50 காசுக்கு வாங்குகிறோம். மீதியை அரசு உரக் கம்பெனிக்குத்தான் கொடுக்கிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் இவற்றை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

ஊரின் அரசாங்கப் பெயர் என்ன?

நாம் ஊர் என்று சொல்வது ஒன்று, அரசாங்கக் கணக்கில் இருப்பது இன்னொன்று. மூன்று நான்கு குடியிருப்புகள் சேர்ந்து ஒரு ஊராட்சி. நிலக் கணக்கோ வருவாய்க் கிராமத்தின் பெயரில் இருக்கும். கடலோரத்தில் இது கூடுதல் குழப்பம்: குப்பத்துக்கு ஒரு பெயர், உள்ளே தள்ளி இருக்கும் விவசாய ஊருக்கு ஒரு பெயர், இரண்டுக்கும் பொதுவாக வருவாய்க் கிராமத்துக்கு மூன்றாவதாக ஒரு பெயர். பிஎம் கிசான் தளத்தில் ஊரைத் தேடி "எங்க ஊரே இல்லையே" என்று மூடிவிடுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

வீட்டில் இருக்கும் பட்டாவை எடுத்துப் பாருங்கள். மாவட்டம், வட்டம், வருவாய்க் கிராமம் மூன்றும் அதிலேயே அச்சாகியிருக்கும். அதோடு உங்கள் வேளாண்மை வட்டாரம் எது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். வட்டம் வேறு, வட்டாரம் வேறு. கீழக்கரை ஒரு வட்டம். திருப்புல்லாணி ஒரு வட்டாரம். தாசில்தார் வட்டத்துக்கு, வேளாண்மை உதவி இயக்குநர் வட்டாரத்துக்கு. இந்த நான்கு பெயர்களையும் ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். இனி எல்லா மனுவிலும் இதுதான் தலைப்பு.

வீட்டிலிருந்தே பார்க்கக்கூடிய பட்டியல்

பிஎம் கிசான் இணையதளத்தில் பயனாளிகள் பட்டியல் என்று ஒரு பகுதி இருக்கிறது. கடவுச்சொல், ஓடிபி எதுவும் கேட்காது. மாநிலம், மாவட்டம், வட்டம், வட்டாரம், கிராமம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்தால் ஊர்ப் பட்டியல் அப்படியே விரியும். செல்போனிலேயே பார்க்கலாம், ஆனால் கணினியில் அச்செடுப்பது நல்லது. ஊரில் உட்கார்ந்து நான்கு பேர் சேர்ந்து பார்க்கக் காகிதம்தான் தோது.

பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருக்கும். இங்கேதான் பொறுமை வேண்டும். ஒரு ஊரில் முனியசாமி ஐந்து பேர் இருப்பார்கள். ஒருவர் பெயரில் 'ய' இருக்கும், இன்னொருவர் 'முனிசாமி' ஆகியிருப்பார், மூன்றாமவருக்குத் தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னால் போயிருக்கும், நான்காமவருக்கு அப்பா பெயரும் தன் பெயரும் ஒட்டி ஒரே சொல்லாகியிருக்கும். செய்யது, சேகு, சீனி என்று தொடங்கும் பெயர்களுக்கும் இதே கதி. திரையில் பார்த்து "இவர் இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள். பெயரை வாய்விட்டு வாசியுங்கள். பக்கத்தில் ஊரில் மூத்த ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். "இது வடக்குத்தெரு முனியசாமிப்பா, ஆதார்ல அப்படித்தான் இருக்கு" என்று அவர் சொல்லிவிடுவார். ஊர் முழுக்க வாசித்து முடிக்க ஒரு சாயங்காலம் ஆகும், ஆகட்டும்.

வாசிக்கும்போதே ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பென்சிலால் ஒரு குறி போட்டுக்கொண்டே போங்கள்: ஊரில் இருக்கிறார், இறந்துவிட்டார், யாரென்று தெரியவில்லை. அச்சில் இல்லாதவர்களுக்கு, ஆனால் நிலமிருப்பவர்களுக்கு, நோட்டின் பின்பக்கத்தில் தனியாக ஒரு பட்டியல். அந்தப் பின்பக்கப் பட்டியல்தான் மிக முக்கியம்.

யாருக்கு இந்தப் பணம் கிடையாது என்ற விதியையும் சேர்த்துத் தெரிந்துகொண்டால்தான் தவறாக யாரையும் சந்தேகிக்க மாட்டோம். 2019 பிப்ரவரி 1-ஆம் தேதி அன்று நிலம் தன் பெயரில் இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு விலைக்கு வாங்கியவருக்குக் கிடையாது, வாரிசாக வந்தவருக்கு உண்டு. கணவன், மனைவி, 18 வயது நிரம்பாத பிள்ளைகள் சேர்ந்து ஒரு குடும்பம், ஒரு குடும்பத்துக்கு ஒருவருக்குத்தான். வருமான வரி கட்டியவர், மாதம் 10,000 ரூபாயும் அதற்கு மேலும் ஓய்வூதியம் வாங்குபவர், அரசு ஊழியர், தொழில் பார்க்கும் டாக்டர், வக்கீல், இன்ஜினியர் ஆகியோருக்குக் கிடையாது. ஆனால் அரசு வேலையில் கடைநிலை ஊழியராக இருப்பவருக்கு உண்டு. "அவர் கவர்மென்ட் உத்தியோகமாச்சே" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

பெயர் பட்டியலில் இருந்தும் பணம் ஏறவில்லை என்றால் அது வேறு நோய். ஆதார் வங்கிக் கணக்கோடு இணையவில்லை, இ-கேஒய்சி (இணையவழி ஆதார் சரிபார்ப்பு) முடியவில்லை, நில விவரம் ஏறவில்லை: பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று. பதிவு எண்ணைப் போட்டு அதே தளத்தில் நிலையைப் பார்க்கலாம். 155261 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

பட்டியலில் வராத ஆட்கள்

சாயல்குடி, கடலாடிப் பக்கம் மிளகாய்க் காட்டில் பங்குனி வெயிலில் பழம் பறித்துக்கொண்டிருக்கும் பெண்களிடம் "பட்டா யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். "மாமனார் பேர்ல", "செத்துப்போன வீட்டுக்காரர் பேர்ல", "நெலத்துக்காரக மதுரையில இருக்காக, நாங்க வாரத்துக்குப் பாக்கோம்" (விளைச்சலில் பங்குக்குப் பயிர் செய்கிறோம்) என்று பதில் வரும். முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மிளகாயைக் களைவெட்டிக் காப்பாற்றிப் பறித்துக் காயவைக்கிற கைகளுக்குரியவர் பெயர் எந்தப் பயனாளிப் பட்டியலிலும் இல்லை என்றால், அந்தப் பட்டியல் விதிப்படி சரியாகவே இருந்தாலும் ஊருக்கு அது சரியான பட்டியல் அல்ல. இதை நான் அழுத்தித்தான் சொல்வேன்.

இதில் நாம் செய்யக்கூடியது இரண்டு இருக்கிறது. ஒன்று, இறந்தவர் பெயரில் இருக்கும் பட்டா. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கூட்டுப் பட்டாவாக வந்தாலும் பரவாயில்லை, பெயர் ஏறட்டும். பிறகு அந்த அம்மா பிஎம் கிசானுக்குப் புதிதாக விண்ணப்பிக்கலாம். வாரிசு என்பதால் 2019 தேதி தடையாகாது. உங்கள் நோட்டின் பின்பக்கத்தில் இருக்கும் பெயர்களில் முதலில் கவனிக்க வேண்டியவர்கள் இவர்கள்தான்.

இன்னொன்று குத்தகைக்கும் வாரத்துக்கும் பார்ப்பவர்கள். பிஎம் கிசானில் அவர்களுக்கு இடமே இல்லை, அது நிலத்துக்காரருக்குத்தான். ஆனால் பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம். அதற்கு அடங்கல் வேண்டும். பட்டா நிலம் யாருடையது என்று சொல்கிறது. அடங்கல் இந்தப் பசலியில் (ஜூலை முதல் ஜூன் வரையான வருவாய்க் கணக்கு ஆண்டு) இந்த சர்வே எண்ணில் என்ன பயிர் நிற்கிறது, யார் பயிர் செய்கிறார் என்று சொல்கிறது. விதைத்த உடனே விஏஓவிடம் போய் அடங்கலில் எழுதச் சொல்லுங்கள். புழுதி விதைப்பு முடிந்து மழை விழுவதற்குள் இது நடந்துவிட வேண்டும். காப்பீட்டுக்குக் கடைசி நாள் வந்த பிறகு இ-சேவை மையத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று அடங்கல் கேட்டால் சர்வே எண் மாறும், பரப்பு மாறும், ஊர்ப் பெயரே மாறும். அப்படி மாறியதால் இழப்பீடு போனவர்களை எனக்குத் தெரியும்.

காப்பீடு: ஏன் பக்கத்து ஊருக்கு வந்து நமக்கு வரவில்லை?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் யாரும் பதில் சொல்வதில்லை, அதனால் சந்தேகம் வளர்கிறது. கணக்கு இதுதான். நெல்லுக்கு இழப்பீடு தனி ஆள் வயலைப் பார்த்து வருவதில்லை, கிராமத்தைப் பார்த்து வருகிறது. ஊருக்குள் சில வயல்களைத் தேர்ந்தெடுத்து, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அந்தச் சதுரத்துக்குள் இருப்பதை மட்டும் அறுத்து அடித்து எடை போடுவார்கள். இதற்குப் பயிர் அறுவடைப் பரிசோதனை என்று பெயர். அதிலிருந்து ஊரின் சராசரி மகசூல் வருகிறது. இன்னொரு பக்கம், கடந்த 7 ஆண்டில் நல்ல 5 ஆண்டுகளின் சராசரியை வைத்து உத்தரவாத மகசூல் என்று ஒன்று போட்டிருப்பார்கள். உத்தரவாதம் ஏக்கருக்கு 1,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஊர்ச் சராசரி 600 கிலோ என்றால் குறைவு 40 சதவீதம். காப்பீட்டுத் தொகையில் 40 சதவீதம் ஊரில் பதிவு செய்த எல்லாருக்கும் வரும். ஊர்ச் சராசரி 1,010 என்று வந்துவிட்டால், உங்கள் வயல் ஒரு கதிர் இல்லாமல் காய்ந்து கிடந்தாலும் ஒரு பைசா வராது.

ஆக, எல்லாம் அந்தக் கயிற்றுச் சதுரம் எந்த வயலில் விழுந்தது என்பதில் இருக்கிறது. கண்மாய் மடைக்குப் பக்கத்து வயலா, கடைமடையா? வானம் பார்த்த பூமியில் ஒரே ஊரில் மடைப்பக்கம் விளையும், கடைசி வயல் பதராகிவிடும். அதோடு இன்னொரு சங்கடம்: ஏழு ஆண்டில் நான்கு ஆண்டு வறட்சி கண்ட ஊருக்கு உத்தரவாத மகசூலே கீழே இறங்கியிருக்கும். அடிக்கடி காயும் ஊருக்குத்தான் பாதுகாப்பு அதிகம் வேண்டும், ஆனால் இந்தக் கணக்கில் அதற்குத்தான் பாதுகாப்பு குறைகிறது. இது சரியில்லை என்று கேட்கக்கூட நமக்கு அந்த எண் முதலில் தெரிய வேண்டும்.

அறுவடைப் பரிசோதனை நடக்கும் நாளை முன்கூட்டியே விஏஓவிடமும் வேளாண்மை உதவி அலுவலரிடமும் கேட்டு வையுங்கள். நிலத்துக்காரரும் ஊர்க்காரர் ஓரிருவரும் நின்று பார்க்கலாம். தேதி, சர்வே எண், ஈர நெல் எடை மூன்றையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சண்டை வேண்டாம், பார்த்து எழுதினால் போதும்.

பயிரே இல்லாத நிலத்துக்குக் காப்பீடு பதிவாகியிருக்கிறதா என்பதும் இங்கே பார்க்க வேண்டியது. சீமைக்கருவேலம் மண்டி வருடக்கணக்காகக் கிடக்கும் சர்வே எண்ணுக்கு நெல் என்று அடங்கல் இருந்தால் அது கேள்விக்குரியது. 2024 நவம்பரில் தமிழ்நாட்டில் வேளாண் கல்லூரி மாணவர்களை ஊர் ஊராக இறக்கி மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பு நடத்தினார்கள். அந்தப் பதிவும் அடங்கலும் ஒத்துப்போகிறதா என்று கேட்கலாம். காப்பீடு பற்றிய புகாருக்கு 14447 என்ற எண் இருக்கிறது.

தகவல் உரிமை மனு

இணையத்தில் கிடைக்காததை எல்லாம் இதில் கேட்க வேண்டும். நாட்டிலேயே முதலில் தகவல் உரிமைக்குச் சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடு, 1997-ல். இப்போது நாம் பயன்படுத்துவது 2005-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம். அதில் பிரிவு 4(1)(பி)-யின் 12-வது உட்பிரிவை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மானியத் திட்டங்களை நிறைவேற்றும் முறை, ஒதுக்கிய தொகை, பயனாளிகளின் விவரம் ஆகியவற்றை யாரும் கேட்காமலேயே அரசு அலுவலகம் வெளியிட வேண்டும் என்று அது சொல்கிறது. நாம் சலுகை கேட்கவில்லை, அவர்கள் ஏற்கெனவே வெளியிட்டிருக்க வேண்டியதைத்தான் கேட்கிறோம்.

மனு வெள்ளைத்தாளில், தமிழில், கையெழுத்தில் போதும். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்ட வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர் சான்று இணைத்தால் கட்டணம் இல்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் எழுத வேண்டியதில்லை, கேட்டாலும் சொல்ல வேண்டியதில்லை. சங்கத்தின் பெயரிலோ குழுவின் பெயரிலோ போடாதீர்கள், தனி ஆள் பெயரில் போடுங்கள். மாதிரி ஒன்று:

பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகம், (உங்கள்) வட்டாரம், ராமநாதபுரம் மாவட்டம்.

பொருள்: தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-ன் கீழ் தகவல் கோருதல்.

ஐயா/அம்மா, (வட்டம்), (வருவாய்க் கிராமம்) தொடர்பாகப் பசலி 1434-க்கு, அதாவது 1.7.2024 முதல் 30.6.2025 வரை, கீழ்க்கண்ட தகவல்களின் நகல்களை வழங்க வேண்டுகிறேன்.

1. பயிர்க் காப்பீட்டில் பதிவான விவசாயிகளின் பெயர், பயிர், சர்வே எண், பரப்பு, வழங்கிய இழப்பீட்டுத் தொகை.
2. இக்கிராமத்தில் நடந்த ஒவ்வொரு பயிர் அறுவடைப் பரிசோதனையின் தேதி, சர்வே எண், எடை. கிராமத்தின் சராசரி மகசூல், உத்தரவாத மகசூல்.
3. பேரிடர் நிவாரணம் பெற்றவர்களின் பெயர், பரப்பு, மானாவாரியா பாசனமா என்ற வகைப்பாடு, தொகை.
4. துறைத் திட்டங்களில் மானியம் பெற்றவர்களின் பெயர், திட்டத்தின் பெயர், பொருள், மானியத் தொகை.

ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி எண் ஆகியவற்றை நீக்கிவிட்டு வழங்கலாம்.

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். கேள்விகளில் "ஏன்", "எதற்காக" வரவே கூடாது. இருக்கும் ஆவணத்தைத்தான் தருவார்கள், விளக்கம் தர மாட்டார்கள். ஒரு கிராமம், ஒரு பசலி என்று சுருக்கிக் கேளுங்கள். மாவட்டம் முழுவதையும் கேட்டால் "தொகுக்க இயலாது" என்று திரும்பி வரும்.

ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள், மனுவின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். தமிழக அரசின் தகவல் உரிமை இணையதளம் வழியாகவும் அனுப்பலாம். அலுவலகம் மாறிப் போய்விட்டால் பயமில்லை. அறுவடைப் பரிசோதனை விவரம் புள்ளியியல் துறையில் இருந்தால் இவர்களே 5 நாளுக்குள் அங்கே மாற்றி அனுப்ப வேண்டும், பிரிவு 6(3). "காப்பீட்டு நிறுவனம் தனியார், எங்களிடம் இல்லை" என்று பதில் வந்தால், தனியாரிடமிருந்து அரசு கேட்டுப் பெறக்கூடிய தகவலும் இந்தச் சட்டத்தில் தகவல்தான் என்று பிரிவு 2(எஃப்) சொல்கிறது. மேல்முறையீட்டில் அதைக் குறிப்பிடுங்கள்.

30 நாளில் பதில் வர வேண்டும். வரவில்லையா, அரைகுறையா, அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அங்கும் சரியாகவில்லை என்றால் 90 நாளுக்குள் சென்னையில் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. இது இழுக்கும். அதனால் மனுவிலேயே "கோப்புகளை நேரில் பார்வையிடவும் அனுமதிக்க வேண்டுகிறேன்" என்று ஒரு வரி சேர்ப்பது என் வழக்கம். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. நேரில் பார்த்து, வேண்டிய பக்கத்துக்கு மட்டும் 2 ரூபாய் வீதம் கட்டி நகல் வாங்கலாம். முந்நூறு பக்கத்துக்குப் பணம் கட்டச் சொல்லிக் கடிதம் வருவதை இது தவிர்க்கும்.

பெயர் வெளியே வரலாமா?

"அடுத்தவர் வாங்கிய பணத்தை நீ ஏன் கேட்கிறாய்?" என்று ஊரிலேயே சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி, பதில் தெரிந்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் இதே வழக்கு நடந்தது. விவசாய மானியம் வாங்கும் தனி ஆட்களின் பெயரை எல்லாம் இணையத்தில் போடுவது அளவுக்கு மீறியது என்று 2010 நவம்பரில் அங்கே நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு விதியை மாற்றி, 1,250 யூரோவுக்குக் குறைவாக வாங்கும் சிறு விவசாயிகளின் பெயரை மறைத்துவிட்டு, மற்றவர்கள் பெயரைத் திரும்ப வெளியிட்டார்கள். இங்கேயே ராஜஸ்தான் அரசு 2019-ல் ஜன் சூச்னா என்று ஒரு தளம் தொடங்கி, திட்டப் பயனாளிகளின் விவரத்தை ஊர்வாரியாகப் பொதுவில் வைத்திருக்கிறது.

நம் சட்டத்தில் 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு மாற்றம் செய்தது. தனிப்பட்ட தகவலை மறுக்கும் பிரிவு 8(1)(ஜெ) முன்பைவிட அகலமாகிவிட்டது. அதைக் காட்டிப் பட்டியலை மறுக்கும் அலுவலகங்கள் கூடும். ஆனால் மானியப் பயனாளிகளின் விவரத்தை வெளியிடச் சொல்லும் பிரிவு 4 அப்படியே இருக்கிறது. பொதுநலன் பெரிது என்றால் கொடுக்கலாம் என்னும் பிரிவு 8(2)-ம் இருக்கிறது. ஆதார், கணக்கு எண் வேண்டாம் என்று நாமே எழுதிவிட்டால் மறுப்பதற்கான காரணம் பாதி குறைந்துவிடும். கைக்கு வந்த பட்டியலில் அப்படி ஏதாவது எண் தப்பித்தவறி இருந்தால் கறுப்பு மையால் அடித்துவிட்டுத்தான் ஊருக்குக் காட்ட வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் படமெடுத்துப் போடவே போடாதீர்கள். அதை எடுத்து வங்கிப் பெயரில் பேசி ஏமாற்றும் ஆட்கள் இருக்கிறார்கள், பாதிக்கப்படுவது வயதானவர்கள்தான்.

தகுதியில்லாதவர் பெயர் இருந்தால்

2020-ல் தமிழ்நாட்டில் பிஎம் கிசானில் நடந்த மோசடி வெளிவந்தது. தகுதியில்லாத ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்க்கப்பட்டு, ஏறத்தாழ 110 கோடி ரூபாய் போயிருந்தது. சிபிசிஐடி விசாரித்தது. அலுவலகங்களின் கடவுச்சொல் வெளியே போய், கம்ப்யூட்டர் சென்டர்களிலும் இடைத்தரகர்கள் வழியாகவும் பெயர் ஏற்றியிருந்தார்கள். பெயர் இருந்தவர்களில் பலர் "அரசு உதவி வருது" என்று யாரோ சொன்னதை நம்பி ஆதார் நகலைக் கொடுத்த கூலிக்காரர்கள். பிறகு பணத்தைத் திரும்பக் கட்டச் சொன்னபோது தவித்தவர்களும் அவர்கள்தான்.

அதனால் ஒரு பெயர் உறுத்தினால் முதலில் அவர் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். "அண்ணே, உங்க பேர் இதுல இருக்கு, தெரியுமா?" என்று கேளுங்கள். தெரியாது என்றால் அவருக்கு உதவி வேண்டும். தெரிந்தேதான் என்றால், தானாக விலகிக்கொள்ளவும் வாங்கியதைத் திருப்பிக் கட்டவும் பிஎம் கிசான் தளத்திலேயே வழி இருக்கிறது என்று சொல்லுங்கள். மிரட்டல் வேண்டாம், பெயர் போட்டுச் சுவரொட்டி வேண்டாம். பெரிய அளவில், ஒரே கையால் பல பெயர் ஏறியிருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் ஆட்சியருக்கு எழுத்தில் கொடுங்கள். அப்படிக் கொடுக்கும்போது தனியாகப் போகாதீர்கள். நான்கைந்து பேர் ஆளுக்கொரு மனுவாகக் கொடுப்பது பாதுகாப்பு.

பட்டியலை ஊருக்கு முன் வைப்பது

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே ஊராட்சிச் செயலரிடம் "வேளாண் மானியம், நிவாரணம், காப்பீடு ஆகியவற்றின் பயனாளிகள் பட்டியலை வாசித்தல்" என்று ஒரு பொருளைச் சேர்க்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். ஊராட்சித் தலைவர் பதவி காலியாக இருந்தால் தனி அலுவலருக்குக் கொடுக்கலாம். கோரம் முக்கியம்; 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர் வர வேண்டும். பெண்கள் வராமல் இந்தப் பட்டியலை வாசிப்பதில் பயனில்லை, விடுபட்டவர்கள் யாரென்று அவர்களுக்குத்தான் தெரியும். தீர்மானம் எழுதியதும் அன்றே நகல் கேளுங்கள்.

விடுபட்டவர்களின் மனுக்களை மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். எல்லாத் துறை அதிகாரிகளும் ஒரே கூடத்தில் இருப்பார்கள், அதனால் "அது எங்க துறை இல்லை" என்று தட்டிக்கழிப்பது கடினம். பட்டா, அடங்கல் திருத்தத்துக்கு மே, ஜூனில் தாலுகா ஆபீஸில் நடக்கும் ஜமாபந்தி என்னும் ஆண்டுக் கணக்குச் சரிபார்ப்புதான் தோதான இடம்; அன்றைக்கு ஊர்க் கணக்குகள் எல்லாம் மேசைமேல் இருக்கும். உங்கள் ஊர் எந்த நாள் என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடலுக்குப் போகும் குடும்பங்களும் ஊரில் இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்கால நிவாரணப் பட்டியலிலும் இதே கதைதான். 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் அதை 5,000-லிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தப்போவதாக முதல்வர் அறிவித்தார். மனுவில் முகவரியை மட்டும் மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகம் என்று மாற்றி, கேள்விகளை அதற்கேற்பத் திருத்திக்கொள்ளலாம்.

கிடைத்த நகல்களை ஒரு கோப்பில் பசலி வாரியாகப் போட்டு, ஒரு படியை உங்களைவிட இளைய ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். அடுத்த ஜூலையில் புதிய பசலி எண்ணைப் போட்டு அதே மனுவை அந்தப் பிள்ளை தன் பெயரில் அனுப்பட்டும்.